இரண்டே பேர், அவ்வளவு சத்தம்: நேரில் உலுக்கியது போனில் ஏன் சப்பென்று போகிறது?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நீங்கள் திருச்சிக்காரர், பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கும் நண்பர் கூப்பிட்டார் என்று இந்திராநகரில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்த நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறீர்கள். மேடை கிடையாது. தரையில் ஒரு டிரம்ஸ், ஒரு பேஸ் கிட்டார், இரண்டே பேர். சுற்றிலும் எழுபது எண்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நாற்பது நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது கை நடுங்கியது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். "இவங்க லைட்னிங் போல்ட் வழி" என்று நண்பர் சொன்னதால், வீட்டுக்குப் போனதும் அந்த அமெரிக்க இருவரின் ஆல்பத்தைப் போனில் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். மிக்ஸி ஓடுவது போல இருந்தது, பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டீர்கள். "நேரில் நான் கேட்டது இசையா, இல்லை வெறும் சத்தத்துக்கு என் உடம்பு ஏமாந்துபோனதா?" என்பது கேள்வி. கடைசி வரியில், மறுநாள் சாயங்காலம் வரை காதில் ரீங்காரம் இருந்தது என்றும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அதற்கும் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

எனக்கு முன்னால் பதில் சொன்னவர்கள் இசை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் விளக்கம் கேட்டதாக எனக்குப் படவில்லை. கச்சேரி கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. அந்தக் காது ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்று கேட்கிறீர்கள். நான் 22 வருஷமாக இந்த ஊரில் லைவ் சவுண்ட் வேலை பார்க்கிறேன். அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கம்பெனி விழா, ராக் பேண்ட் என்று எல்லாவற்றுக்கும் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் பதில்: உடம்பு சொன்னதை நம்பலாம். சத்தம் மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கு அப்படி ஆகியிருக்காது. சத்தம் இல்லாமலும் ஆகியிருக்காது. இதில் எது உறுதி, எது இன்னும் யூகம் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் அந்த லைட்னிங் போல்ட். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்ற ஊர். அங்குள்ள கலைக் கல்லூரியில் படித்த பிரையன் சிப்பென்டேல், பிரையன் கிப்ஸன் இருவரும் 1994-ல் ஆரம்பித்த குழு. முதலில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார், சீக்கிரமே விலகிவிட்டார். சிப்பென்டேல் டிரம்ஸ், கிப்ஸன் பேஸ். சிப்பென்டேல் துணியில் தைத்த முகமூடி போட்டுக்கொண்டு வாசிப்பார். பழைய டெலிபோன் ரிசீவரில் இருக்கும் மைக்கை எடுத்து அந்த முகமூடிக்குள் வைத்துப் பாடுவார். பாட்டின் வார்த்தை யாருக்கும் புரியாது, புரியவும் வேண்டியதில்லை. கிப்ஸன் தன் பேஸை வழக்கமான சுருதியில் வைப்பதில்லை. செல்லோவைப் போல ஒவ்வொரு தந்தியும் அடுத்த தந்திக்கு ச–ப உறவில் இருக்கும். உச்சத் தந்திக்கு பேஞ்சோவின் மெல்லிய கம்பியைக் கட்டியிருப்பார். அதனால்தான் ஒரே வாத்தியத்தில் அடியில் உறுமலும் மேலே கீச்சென்ற கிட்டார் ஒலியும் கிடைக்கின்றன. பிராவிடன்ஸில் ஒரு பழைய நெசவாலைக் கட்டடத்தில் ஃபோர்ட் தண்டர் என்ற இடம் இருந்தது. சிப்பென்டேலும் வேறு சில ஓவியர்களும் 1995 முதல் அங்கேயே வாழ்ந்து, படம் வரைந்து, நிகழ்ச்சி நடத்தினார்கள். பிறகு கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மேடை இல்லாத அந்தத் தளத்தில் பழகிய பழக்கம்தான், போகிற ஊரிலெல்லாம் மேடையை விட்டுவிட்டுத் தரையில் வாசிப்பது என்று ஆனது. முந்தின குழுவின் கடைசித் தட்டு அடங்குவதற்குள் அறையின் வேறொரு மூலையில் இவர்கள் ஆரம்பித்துவிடுவார்களாம். கூட்டம் திரும்பி ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். பின்னாளில் மேடையிலும் வாசித்திருக்கிறார்கள். ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது தரைதான். பேஸும் டிரம்ஸும் மட்டும் என்ற அமைப்பு இவர்கள் கண்டுபிடிப்பு கிடையாது. டோக்கியோவில் தத்சுயா யோஷிதா 1985-லேயே ருயின்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார். அதுவும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

இப்போது உங்கள் போன். இந்தப் பகுதியில் சந்தேகத்துக்கே இடமில்லை, முழுக்க இயற்பியல். பேஸ் கிட்டாரின் சாதாரண அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் ஓர் அலை 8 மீட்டருக்கு மேல் நீளம், ஏறக்குறைய 27 அடி. நீங்கள் நின்ற அறைக்குள் அது ஒன்றோ இரண்டோதான் மடங்கி நிற்க முடியும். போனில் இருக்கும் ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. அடித்தளம் முழுவதும் போய், மேலே இருக்கும் கரகரப்பு மட்டும் மிஞ்சும். மிக்ஸி என்று நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஹெட்போன் போட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், பாதிதான். மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குக் கீழ் ஸ்தாயி ஒலிகள் குறைவாகவே கேட்கும், சத்தம் ஏற ஏற அவை எழுந்து வரும். இதை 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் இருவரும் அளந்து வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரே இசையை 65 டெசிபலிலும் 100 டெசிபலிலும் கேட்பவர்கள் உண்மையில் இரண்டு வேறு கலவைகளைக் கேட்கிறார்கள். மேலும், தரையில் இருக்கும் ஸ்னேர் டிரம் பக்கத்தில் நின்றவருக்கு ஒவ்வோர் அடியும் சுற்றியிருக்கும் ஒலியிலிருந்து ஈட்டி மாதிரி மேலே எழுந்து வரும். பதிவு செய்யும்போது அந்த முனைகளைச் சீவித்தான் ஆல்பத்துக்குள் அடைக்க முடியும். சீவிய பிறகு மெல்லியதும் வலியதும் ஒரே மட்டத்தில் ஓடும். நாற்பது நிமிஷம் ஒரே மட்டத்தில் ஓடினால் யாருக்கும் சலிக்கும்.

ஆக, வீட்டில் உங்களுக்குப் பிடிக்காமல் போனது உங்கள் ரசனைக் குறை கிடையாது. நேரில் கேட்டதில் பெரும்பகுதி அந்தப் போனிலிருந்து வெளியே வரவே இல்லை.

அடுத்தது, சத்தத்துக்கு ஏமாந்தீர்களா என்பது. டீசல் ஜெனரேட்டர் பக்கத்தில் நாற்பது நிமிஷம் நின்றால் தலை வலிக்கும், அழுகை வராது. அப்படியென்றால் சத்தம் இங்கே என்ன வேலை செய்தது? நீங்கள் திருச்சிக்காரர் என்பதால் கெட்டிமேளத்தை வைத்துச் சொல்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் கை காட்டியதும் தவில்காரர்கள் முழு பலத்தோடு அடிப்பார்கள். தும்மலோ அழுகையோ அபசகுனமான ஒரு சொல்லோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக்கூடாது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். நான் நூற்றுக்கணக்கான கல்யாணங்களில் மைக் வைத்தவன், அந்த முக்கால் நிமிஷத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதுவரை சாப்பாட்டைப் பற்றியும் கார் பார்க்கிங் பற்றியும் பேசிக்கொண்டிருந்த முந்நூறு பேரும் வாயை மூடிவிடுவார்கள். பேசினாலும் கேட்காது. அந்தச் சத்தம் மண்டபத்தைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிவிடுகிறது. உள்ளே நடப்பது ஒன்றே ஒன்றுதான், எல்லாக் கண்ணும் அங்கே போகிறது. பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வது அந்த நேரத்தில்தான். அவர் தவிலுக்காக அழவில்லை. ஆனால் தவில் இல்லாமல் அந்த நிமிஷம் அப்படிக் கூடி வந்திருக்காது.

நீங்கள் கேட்ட இருவர் அந்தச் சுவரை நாற்பது நிமிஷம் எழுப்பி நிறுத்தினார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதுதான் இசை. சுவர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமே நடக்காத நிகழ்ச்சிகளும் நிறைய உண்டு. இந்த வகையில் நான் வேலை பார்த்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் எனக்குச் சலிப்பாகத்தான் இருந்திருக்கின்றன.

உள்ளே நடப்பது என்று நான் எதைச் சொல்கிறேன்? சில வருஷம் முன்பு டொம்லூர் பக்கம் ஒரு சின்ன இடத்தில் இப்படி ஓர் இருவர் குழுவுக்கு வேலை பார்த்தேன். டிரம்ஸ் பையன் கே.ஜி.எஃப் (கோலார் தங்கவயல்) தமிழன், பேஸ் வாசித்தவர் மங்களூர்க்காரர். சாயங்காலம் சவுண்ட் செக். வழக்கம்போல டிரம்ஸுக்கு நாலு மைக், பேஸுக்கு ஒரு லைன், முன்னால் இரண்டு மானிட்டர் (வாசிப்பவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வைக்கும் ஸ்பீக்கர்) என்று எடுத்து வைத்தேன். பையன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, மானிட்டர் வேணாம்ணா" என்றான்.

"மானிட்டர் இல்லாம அவர் வாசிக்கிறது உனக்கு எப்படிப்பா கேக்கும்?"

"அவர் ஆம்பை என் முதுகுக்குப் பின்னாடி தள்ளி வெச்சிருங்கண்ணா. காதுல வர வேணாம், முதுகுல வந்தாப் போதும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. எண்பது பேர் இருக்கிற அறையில் எல்லாருக்கும் சமமாகக் கேட்க வேண்டும் என்பது என் தொழில் புத்தி. பேஸின் ஒலியைப் பெருக்கும் அந்த ஆம்பைப் பின்னால் வைத்துக் கொடுத்தேன், ஆனால் எல்லாவற்றையும் கூட்டத்துக்காக வைக்கும் பெரிய ஸ்பீக்கர்களான பி.ஏ.விலும் ஏற்றினேன். முதல் பாட்டில் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. 3 டெசிபல் ஏற்றினேன். இன்னும் மெலிந்து போனது. சத்தம் கூடுகிறது, பலம் குறைகிறது, எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் ஃபீட்பேக் வந்து கீச்சிட்டதால் பி.ஏ.வின் மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரை முழுக்கக் கீழே இழுத்தேன். அப்போது அறை மாறியது. ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்து நின்ற கூட்டம் அந்தப் பையனைப் பார்த்துத் திரும்பியது, ஓர் அடி முன்னால் நகர்ந்தது. காலால் மிதித்து வாசிக்கும் கிக் டிரம் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த ஜமக்காளம் விரித்து ஒரு ஹாலோ பிளாக்கை அண்டக் கொடுத்திருந்தோம், அந்தக் கல்லே நகர்ந்தது. முன்வரிசையில் நின்ற ஒரு பெண், யாரும் சொல்லாமலே, குனிந்து கல்லின் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டாள். மீதி நிகழ்ச்சி முழுவதும் அப்படியே நின்றாள். பேஸ் ஆம்பின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் வட்ட வட்டமாக அலை எழும்பிக்கொண்டிருந்தது. உடைந்த குச்சியின் சிம்பு என் மிக்ஸர் வரை வந்து விழுந்தது. நான் மாஸ்டரைத் திரும்ப ஏற்றவில்லை. அவன் குரலுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன்.

அன்றைக்கு நடந்ததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். பெரிய மேடையில் இரண்டு பேர் 8 மீட்டர் தள்ளி நின்றால் ஒருவர் அடித்தது மற்றவருக்கு 20 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமாகப் போகும். அதைச் சரிக்கட்டத்தான் மானிட்டர். தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்தால் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இருவரும் ஒரே கையால் அடிப்பது போல விழும். கேட்பவருக்கும் அப்படித்தான். குச்சி விழுவதைக் கண் பார்க்கும் இடத்திலிருந்தே ஒலியும் வர வேண்டும். நான் பி.ஏ.வை ஏற்றியபோது கண் ஓர் இடத்தையும் காது வேறோர் இடத்தையும் பிடித்துக்கொண்டன. கோயில் புறப்பாட்டில் நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் இல்லாமல் கேட்டவருக்கு இது சொல்லாமலே தெரியும். சாமிக்கு முன்னால் நடந்து போகிறவர்களின் ஒலி உங்களை நெருங்கி, கடந்து, தள்ளிப் போகும். அதையே கூம்பு ஸ்பீக்கரில் தெருக்கோடியில் கேட்டால் வெறும் இரைச்சல்.

இரண்டு பேர் என்பதும் முக்கியம். நாலு பேர் இருக்கும் குழுவில் ஒருவரையொருவர் கேட்கும் ஜோடிகள் ஆறு. ஒருவர் தடுமாறினால் மற்ற மூவர் தாங்குவார்கள். இரண்டு பேர் என்றால் ஒரே ஜோடி. ஒருவர் கை தளர்ந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்துவிடும், அறையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இப்படி வாசிப்பவர்கள் எதிராளியின் தோள் அசைவையும் மூச்சையும் பார்த்தபடியே இருப்பார்கள். பேஸ்காரர் தலையில் இரட்டைப் பாரம்: அடித்தளமும் அவர், மேல் ஒலியும் அவர். பலர் பேஸின் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அப்படியே பேஸ் ஆம்புக்கும், மற்றதை ஆக்டேவ் பெடலில் ஒரு ஸ்தாயி ஏற்றி கிட்டார் ஆம்புக்கும் அனுப்புவார்கள். வெளியிலிருந்து கேட்டால் மூன்று பேர் வாசிப்பது போல இருக்கும்.

ஒரு குழு வெறும் சத்தமா இல்லையா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. அவர்கள் எப்படி நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பேன். தவில் தனியில் தீர்மானம் வைத்துச் சமத்தில் வந்து இறங்கும்போது இரண்டு தவிலும் ஒரே புள்ளியில் ஓயும் அல்லவா? அதே மாதிரி, அவ்வளவு வேகத்திலும் இருவரும் ஒரே மூச்சில் வெட்டி நிறுத்தினால், அந்த அரை விநாடி மௌனத்தில் அறையே தொங்கும். திரும்ப விழும்போது தரை அதிரும். ஒருவர் நிறுத்தி மற்றவர் இரண்டு தட்டு கூடப் போட்டால், அதுவரை இருவரும் தனித்தனியே இரைந்துகொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: "நடுவில் ஒரு தடவை இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள், யாரோ இருமுவது கேட்டது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது." உங்களை எது பிடித்தது என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ஒலி உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஆய்வுகள் உண்டு. நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நான் மருத்துவனோ விஞ்ஞானியோ இல்லை. உள்காதில் கேட்பதற்கு ஒரு பகுதி, உடம்பின் சமநிலைக்கு ஒரு பகுதி. அந்தச் சமநிலைப் பகுதியில் உள்ள ஒரு சிறு பை, 90 டெசிபலுக்கு மேற்பட்ட பலமான கீழ் ஒலிகளுக்கும் தூண்டப்படுகிறது என்று நீல் டாட் என்ற ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டு எழுதினார். ஊஞ்சலில் ஆடும்போது கிடைக்கும் சுகத்துக்கும் உரத்த இசைக்கும் உறவு இருக்கலாம் என்பது அவர் யோசனை. ஊஞ்சல் பகுதியை நான் அழகான யூகமாகத்தான் வைத்திருக்கிறேன். 2022-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சியில், காதுக்குத் தெரியாத அளவு தாழ்ந்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றி ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். ஓடிய நேரங்களில் கூட்டத்தின் அசைவு 11.8 சதவீதம் கூடியது. ஸ்பீக்கர் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. இது நல்ல சோதனை. ஆனால் அது ஆட்டத்தைப் பற்றியது, அழுகையைப் பற்றியது இல்லை.

அந்தக் கரகரப்பைப் பற்றியும் ஒன்று உண்டு. மனிதர் அலறும்போது குரலின் பலம் விநாடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்கி ஒரு சொரசொரப்பை உண்டாக்குகிறது, மூளையில் பயத்தோடு தொடர்புள்ள பகுதியை அது உசுப்புகிறது என்று 2015-ல் லூக் ஆர்னல் குழு காட்டியது. ஆம்பை எல்லை மீறித் தள்ளி ஒலியைச் சிதைக்கும்போது, பக்கத்துப் பக்கத்து சுரங்கள் மோதி அதே வகைச் சொரசொரப்பு வருகிறது. அதனால் நாய்ஸ் ராக் என்ற இந்த இரைச்சல் வகை ராக் இசை உடம்பை எச்சரிக்கை நிலைக்குக் கொண்டுபோகிறது என்று சொன்னால் பொருந்தி வருகிறது. பொருந்தி வருவதும் நிரூபணமும் ஒன்றில்லை. அலறலை வைத்துச் செய்த சோதனையை ஒரு நிகழ்ச்சிக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது. உங்களுக்கு அன்று அழுகை ஏன் வந்தது என்பதை எந்த ஆய்வும் சொல்லிவிடாது. அந்த வாரம் உங்களுக்கு எப்படிப் போனது, பக்கத்தில் யார் நின்றார்கள், ஊரை விட்டு வந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதற்கெல்லாம் அதில் பங்கு இருக்கும். எனக்குத் தெரிந்து, எங்கள் தெருவில் சாவுக்குத் தமட்டை அடிக்கும்போதுதான் (ஊர்ப்பக்கம் பறை என்பீர்கள், எங்கள் பக்கம் தமட்டை) என் அப்பா முதல்முறை வாய்விட்டு அழுதார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்தார். காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விண்ணென்று ஏறியதும் அடித்தார்கள் பாருங்கள், முதல் அடியிலேயே உடைந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் அழுதால் யாருக்கும் கேட்காது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த வகை இசை இந்த ஊரில் ஏன் கீழ்த்தளங்களிலும் சின்ன அறைகளிலும் நடக்கிறது என்று உங்கள் பதிவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகச் சொல்கிறேன். பொது இசை நிகழ்ச்சி நடத்தும் இடங்களுக்கு போலீஸ் உரிமம் வேண்டும் என்ற 2005-ஆம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. அதன்பிறகு பல பப்களில் லைவ் இசை நின்றுபோனது. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-லிருந்தே உண்டு. இந்திராநகரில் குடியிருப்பவர்களின் புகாரும் நியாயமானதுதான், 41 ஹெர்ட்ஸை எந்தச் சுவரும் முழுசாக நிறுத்தாது. ஆகவே சத்தமான இசை பூமிக்கு அடியில் போனது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. மறுநாள் சாயங்காலம் வரை ரீங்காரம் இருந்தது என்றால், உங்கள் உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் தாங்கும் அளவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. பெரும்பாலும் அது தானே சரியாகிவிடும். ஆனால் சரியானது போலத் தெரிவதெல்லாம் சரியானது ஆகாது என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் செய்த சோதனையில், 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் வைத்த எலிகளுக்குக் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் செல்லிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகள் பாதி வரை நிரந்தரமாக அறுந்திருந்தன. மனிதருக்கும் அதே அளவில் நடக்கிறதா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அளவு பற்றிச் சந்தேகமில்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நிகழ்ச்சிக் கூடங்களுக்குச் சொன்ன உச்சவரம்பும், 15 நிமிஷச் சராசரியில் 100 டெசிபல். நீங்கள் நின்ற மாதிரி இடங்களில் நான் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன், 105-க்குக் குறைந்து பார்த்ததில்லை. உங்களுக்கு நாற்பது நிமிஷம்.

என் இடது காதில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, காது சோதனையில் வரையும் ஆடியோகிராமில் பளிச்சென்று தெரியும். அந்தப் பக்கம் நின்று என் மகள் 'ச'வில் ஆரம்பிக்கும் வார்த்தை சொன்னால் சில சமயம் பிடிபடுவதில்லை. இருபது வயதில் யாராவது கையில் காதை அடைக்கும் இரண்டு பிளக்கைக் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை பிளக்கே போதும். விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மறுகையால் காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் பிளக் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், அதில் இசை மங்காது. அனுபவம் போய்விடுமே என்று பயப்படாதீர்கள். அடிஒலி நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ளங்காலிலும் ஏறும், அதை பிளக் தடுக்காது. அந்தப் பையன் முதுகில் கேட்டது மாதிரி. அடுத்த முறை ரீங்காரம் சில நாளைக்கு மேல் நீடித்தாலும், ஒரு காது மட்டும் அடைத்தது போலிருந்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும், தானே சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

லைட்னிங் போல்டை இன்னொரு முறை முயற்சி செய்ய விரும்பினால், ஆரம்பத்து ஆல்பங்களை விட்டு 2015-ல் வந்த ஃபேன்டஸி எம்பயரிலிருந்து தொடங்குங்கள். நல்ல ஸ்டூடியோவில் நல்ல கருவிகளோடு பதிவு செய்தது, அடிஒலியும் டிரம்ஸும் தனித்தனியாகத் தெரியும். காதை மூடும் ஹெட்போனில் கேளுங்கள், ஒரே மூச்சில் முழு ஆல்பம் வேண்டாம், இரண்டு பாட்டு போதும். அது பழகியபின் 2003-ல் வந்த ஒண்டர்ஃபுல் ரெயின்போவுக்குப் போங்கள். பலர் அதைத்தான் அவர்களின் சிறந்த ஆல்பம் என்பார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதன் கரடுமுரடு பழகாத காதுக்கு மறுபடி மிக்ஸியாகத் தெரியலாம். போனில் எடுத்த லைவ் வீடியோக்கள் வேண்டாம். அந்தச் சின்ன மைக் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் எல்லாவற்றையும் நசுக்கிவிடும்.

நேரில் போனால் ஆம்புக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், ஸ்பீக்கரின் மேல் ஒலி கூராக நேரே பாயும். டிரம்ஸ்காரருக்குப் பக்கவாட்டில், அவர் காலும் பேஸ்காரரின் முகமும் ஒன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். நிறுத்தப் போகிறார்கள் என்பது ஒலியில் தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் பேஸ்காரரின் கண்ணில் தெரிந்துவிடும். பிளக்கை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், இங்கே வாசலில் யாரும் விற்பதில்லை.